‘நல்லா இருக்கோம்’ என்றால் நம்பாதீர்கள்: ஊரில் இருக்கும் வீட்டின் நிலையைச் சிங்கப்பூரிலிருந்து அறிவது எப்படி

2022 ஜூனில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவோடு பேசிக்கொண்டிருந்தேன். “நாங்க நல்லாத்தான் இருக்கோம் புள்ள, நீ ஒண்ணும் யோசிக்காத” என்றார். எப்போதும் சொல்வதுதான். போனை வைத்த பிறகுதான் எனக்கு உறைத்தது, பின்னால் கோழிச் சத்தமே இல்லை. எங்கள் லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) ஸ்தோப்பில், அதாவது வாசல் திண்ணையில், நின்று யார் பேசினாலும் குறுக்கே கோழிகளும் பேசும். அம்மாவிடம் ஆறு கோழியும் ஒரு சேவலும் இருந்தன. திரும்பவும் கூப்பிட்டுக் கேட்டேன். கொஞ்ச நேரம் பதில் இல்லை. அப்புறம், “தீனி போட்டுக் கட்டுப்படியாகல, வித்துட்டேன்” என்றார். எப்போது? “சித்திரைக்கு முந்தியே.”

இரண்டு மாதம் வாராவாரம் பேசியிருக்கிறேன். ஒரு வார்த்தை வரவில்லை.

நான் இலங்கை மலையகத்தில் மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துப் பெண். 2019இலிருந்து சிங்கப்பூர் தோ பாயோவில் ஒரு வீவக (அரசாங்க அடுக்குமாடி) வீட்டில் வேலை. பாட்டி ஒருவரைப் பார்த்துக்கொள்கிறேன். ஓய்வு நாளில் தேக்காவுக்கு (லிட்டில் இந்தியா) போனால் ஹட்டன், நுவரெலியா, பதுளைப் பக்கத்துப் பெண்கள் நாலைந்து பேராவது கண்ணில் படுவார்கள். புதிதாக வந்த தங்கச்சிகள் கேட்பதெல்லாம் ஒன்றுதான்: “அக்கா, நான் காசு அனுப்பிக்கிட்டேதான் இருக்கேன். வீடு ஏன் எழும்பவே மாட்டேங்குது?” அவர்களுக்கு அங்கங்கே நின்று சொன்னதை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். நான் செய்த பிழைகளும் இதில் உண்டு.

ஒரு விஷயத்தை முதலிலேயே தெளிவாக்கிக்கொள்ளுங்கள். இலங்கையின் பொருளாதார நெருக்கடி முடிந்துவிட்டது என்று செய்தியில் சொல்வதும் உங்கள் வீட்டில் முடிவதும் ஒன்றல்ல. 2022 ஏப்ரல் 12ஆம் தேதி வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று இலங்கை அரசாங்கம் அறிவித்தது. அந்த வருடம் செப்டம்பரில் கொழும்புக் கணக்கில் பணவீக்கம் 69.8 சதவீதம்; உணவுப் பொருளுக்கு மட்டும் பார்த்தால் 94.9. ஒரு வருடம் கழித்து, 2023 செப்டம்பரில், 1.3. பேப்பரில் பார்த்துவிட்டு இந்த வீட்டுப் பாட்டியின் மகன்கூட, “உங்க ஊர் சரியாயிடுச்சு போல” என்றார். 1.3 என்றால் விலை இறங்கிவிட்டது என்று அர்த்தமில்லை. ஏறியது ஏறியபடியே நிற்கிறது, அதற்கு மேல் வேகமாக ஏறவில்லை, அவ்வளவுதான். அந்த ஒரு வருடத்தில் விற்ற கோழி கூட்டுக்குத் திரும்பி வரவில்லை, அடகு போன சங்கிலி தானாகக் கழுத்துக்கு வந்துவிடவில்லை.

உலக வங்கிக் கணக்குப்படி 2019இல் நூற்றுக்கு 11 பேர் வறுமையில் இருந்தார்கள். 2022இல் 25 பேர். இலங்கைப் புள்ளிவிவரத் திணைக்களம் காசை மட்டும் பார்க்காமல் படிப்பு, உடல்நலம், வாழ்க்கைத்தரம் எல்லாவற்றையும் சேர்த்துப் பல்பரிமாண வறுமை என்று இன்னொரு கணக்கும் எடுத்தது. அதில் 2019லேயே தோட்டப்புறத்தில் 51.3 சதவீதம். நெருக்கடி வருமுன்பே எங்களில் பாதிப்பேர் அந்தக் கணக்கில் ஏழைகளாகத்தான் நின்றோம். அதனால்தானோ என்னவோ, எங்கள் பக்கத்தில் கஷ்டத்தைச் சொல்லிக்காட்டும் பழக்கமே கிடையாது.

கேள்வியை மாற்றுங்கள்

சிங்கப்பூருக்கு வருமுன், 2017இல், பெரிய வறட்சிக்குப் பிறகு மூன்று மாதம் வீடு வீடாகப் போய்க் கேள்வித்தாள் நிரப்பும் வேலை பார்த்தேன். உயர்தரம் படித்த, தமிழும் கொஞ்சம் சிங்களமும் தெரிந்த பெண்கள் தேவைப்பட்டார்கள். தாள் பதினெட்டுப் பக்கம். பாதிக்கு மேல் அலுப்பு. ஆனால் அதில் ஐந்து கேள்விகள் இருந்தன; அவற்றை நான் மறக்கவே இல்லை. உலக உணவுத் திட்டம் போன்றவர்கள் எல்லா நாட்டிலும் கேட்கிற கேள்விகள்தான். “கடந்த ஏழு நாளில் எத்தனை நாள்” என்றுதான் ஒவ்வொன்றும் தொடங்கும்.

எத்தனை நாள் விருப்பமில்லாத, மலிவான சாப்பாட்டோடு சமாளித்தீர்கள்? எத்தனை நாள் சாப்பாட்டுக்கு அக்கம்பக்கத்தில், சொந்தத்தில் கடன் வாங்கினீர்கள்? எத்தனை நாள் அளவைக் குறைத்துச் சாப்பிட்டீர்கள்? எத்தனை நாள் பெரியவர்கள் குறைத்துக்கொண்டு பிள்ளைகளுக்குக் கொடுத்தீர்கள்? எத்தனை நாள் ஒரு வேளையை விட்டுவிட்டீர்கள்?

ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து ஏழு வரை ஒரு எண் கிடைக்கும். கடன் வாங்கிய நாட்களை இரண்டால் பெருக்குங்கள். பெரியவர்கள் பிள்ளைகளுக்காகக் குறைத்த நாட்களை மூன்றால் பெருக்குங்கள். மற்ற மூன்றும் அப்படியே. எல்லாவற்றையும் கூட்டினால் அதிகபட்சம் 56 வரும். மூன்று வரை இருந்தால் பயமில்லை. நான்கிலிருந்து பதினெட்டு வரை என்றால் வீடு இழுபறியில் இருக்கிறது. பத்தொன்பதும் அதற்கு மேலும் என்றால் உடனே ஏதாவது செய்தாக வேண்டும்.

கோழி விஷயம் தெரிந்த மறுநாள் இரவு அம்மாவிடம் இந்த ஐந்தையும் கேட்டேன். ஏழு நாளும் மலிவுச் சாப்பாடு: 7. இரண்டு நாள் பக்கத்துக் காம்பராவில் (லயத்து அறை வீடு) கோதுமை மா கடன்: இரண்டால் பெருக்க 4. அளவு குறைத்தது ஐந்து நாள்: 5. அண்ணன் பிள்ளைகளுக்காகத் தான் குறைத்தது நாலு நாள்: மூன்றால் பெருக்க 12. வேளை விட்டது மூன்று நாள்: 3. கூட்டினால் 31. பேனாவை வைத்துவிட்டேன். 2017இல் யார் யார் வீட்டிலோ நான் எழுதிய எண்களில்கூட 31 அபூர்வம்.

கேட்கிற விதத்திலும் ஒரு கைப்பழக்கம் வேண்டும். “சாப்பாட்டுக்குக் கஷ்டமா?” என்றால் யாரும் ஆமாம் என்று சொல்லமாட்டார்கள். “நேத்து ராத்திரி என்ன?” என்று தொடங்குங்கள். “ரொட்டி” என்பார்கள். ரொட்டிக்கு என்ன? சம்பலா, தேங்காய் போட்டதா, இல்லை மிளகாய் மட்டுமா? பருப்பு எப்போது வைத்தீர்கள்? நெத்தலி கடைசியாக எப்போது வாங்கியது? தேத்தண்ணிக்குச் சீனி உண்டா, பால்மா உண்டா? ரொட்டி என்று சொன்ன அதே அம்மாதான் தேங்காய் பற்றிக் கேட்டதும் பேச்சை மாற்றினார். அங்கேதான் நிற்க வேண்டும்.

நேரமும் முக்கியம். நமக்கும் இலங்கைக்கும் இரண்டரை மணி நேர வித்தியாசம். இங்கே இரவு ஒன்பதரைக்குப் பாட்டிக்கு மருந்து கொடுத்து முடித்துக் கூப்பிட்டால் அங்கே ஏழு மணி, அடுப்புப் பற்றவைக்கிற நேரம். அந்த நேரத்தில் அவ்வளவு சுலபமாகப் பொய் வராது. தோட்டத்தில் மாதச் சம்பளம் பத்தாம் தேதியை ஒட்டி வரும். பன்னிரண்டாம் தேதி கேட்டால் எல்லா வீடும் நன்றாகத்தான் இருக்கும். நாலாம் ஐந்தாம் தேதி கேளுங்கள். அப்பாவும் அண்ணனும் பக்கத்தில் இருக்கும்போது கேட்காதீர்கள். அம்மா தன் பட்டினியை அவர்கள் காதுபடச் சொல்லமாட்டார். வீடியோவில் கேட்பதாக இருந்தால் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்காமல் அடுப்பைக் காட்டச் சொல்லுங்கள். எனக்கு அதைக் கேட்க வாய் வராது. சிலருக்கு வரும்.

சின்னப் பிள்ளைகளிடம் துருவிக் கேட்கலாமா என்று ஒரு தங்கச்சி கேட்டாள். வேண்டாம். பிள்ளை உண்மையைச் சொல்லும், பிறகு அதற்காக அடி வாங்கும்.

என்னென்ன போயிருக்கிறது என்று ஒரு கொப்பியில் (நோட்டில்) எழுதுங்கள்

சாப்பாட்டு எண் இந்த வாரத்தைச் சொல்லும். வீடு எவ்வளவு ஆழத்தில் விழுந்திருக்கிறது என்று அதை வைத்துத் தெரியாது. அதற்கு வேறு கணக்கு வேண்டும்: வாழ்வதற்காக எதையெல்லாம் விற்றார்கள், அடகு வைத்தார்கள், நிறுத்தினார்கள்?

இதில் படிகள் உண்டு. கையிருப்பைச் செலவழிப்பது, நகையை அடகு வைப்பது, கடைக் கொப்பியில் கடன் ஏற்றுவது எல்லாம் முதல் படி. கோழி, மாடு, தையல் மெஷின் மாதிரி சம்பாதித்துத் தருகிற பொருளை விற்பது, மருந்தைக் குறைப்பது, பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்துவது எல்லாம் இரண்டாவது படி. குடியிருக்கும் இடத்தை விற்பது, கையேந்துவது கடைசிப் படி. எங்கள் வீடு இரண்டாவது படியில் நின்றது. லயத்துக் காம்பரா எங்களுடையதே இல்லை என்பதால் விற்க வழியில்லை. அதையும் ஒரு பாதுகாப்பு என்று சொல்லிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

இங்கேதான் நான் பெரிய பிழை செய்தேன். அம்மாவின் இரண்டு பவுன் சங்கிலி 2 லட்சத்துக்கு அடகில் இருந்தது. வருடத்துக்கு 24 சதவீத வட்டி, மாதம் 4,000 ரூபாய். அம்மா வெறுங்கழுத்தோடு கோயிலுக்குப் போவதை நினைத்தால் எனக்குத் தூக்கம் வராது. 2022 டிசம்பரில் என் கையிருப்பு 900 வெள்ளியையும் (சிங்கப்பூர் டாலர்) ஒரேயடியாக அனுப்பி, ஒன்பது மாத வட்டியோடு மீட்கச் சொன்னேன். மீட்டார்கள். படம் அனுப்பினார்கள். நான் அழுதேன்.

அதே மாதம் அப்பா பிரஷர் குளிசையை (மாத்திரையை) ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டுக்கொண்டிருந்தார். கிளினிக்கில் வழக்கமாக இலவசமாகக் கிடைக்கும். அப்போது நாடு முழுக்க மருந்துத் தட்டுப்பாடு, வெளியே வாங்கச் சொல்லித் துண்டு எழுதிக் கொடுத்தார்கள். வெளியே விலை கேட்டுவிட்டு அவராகவே பாதியாக்கிக்கொண்டார். பிப்ரவரியில் ஒரு நாள் காலை வலது கை மரத்துப்போய், ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள். இன்றைக்கும் அந்தக் கையால் சட்டைப் பொத்தான் போட முடியாது. சங்கிலி அம்மா கழுத்தில் இருக்கிறது.

ஆகவே நான் இப்போது எல்லோருக்கும் சொல்கிற வரிசை இது. முதலில் மருந்து. குளிசை அட்டையைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள், மீதி எத்தனை என்று எண்ணுங்கள், போன தடவை எண்ணியதிலிருந்து கழியுங்கள். அடுத்தது பள்ளிக்கூடம். “பாப்பா பள்ளிக்கூடம் போறாளா?” என்றால் “போறா” என்பார்கள். “இந்தக் கிழமை எத்தனை நாள் போனா?” என்று கேளுங்கள். அண்ணன் மகள் ஒன்பதாம் தரத்தில் இருந்தாள். பெயர் பதிவேட்டில் இருந்தது, அவளோ பஸ் காசு இல்லாமல் வாரத்தில் இரண்டு நாள்தான் போய்க்கொண்டிருந்தாள். அவளுக்கென்று மாதப் பஸ் காசைத் தனியாக அனுப்பத் தொடங்கினேன். கொப்பியும் சப்பாத்தும் அதற்குப் பிறகுதான்.

மூன்றாவது கடைக் கொப்பி. இதைப் பலர் கண்டுகொள்வதில்லை. எனக்கோ இதில்தான் பாதி வறுமை ஒளிந்திருக்கிறது என்று தோன்றும். தோட்டத்துக் கடையில் கடன் இருக்கிற வீடு வேறு கடைக்குப் போக முடியாது, விலை கேட்க முடியாது. கால் கிலோ பருப்பு, நூறு கிராம் கருவாடு, ஐம்பது ரூபாய்க்கு எண்ணெய் என்று சில்லறையாக வாங்கி, மொத்தமாக வாங்குகிறவனைவிட அதிகமாகக் கொடுக்கும். எங்கள் கணக்கு 38,000 ரூபாய். கொப்பியின் கடைசிப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பச் சொன்னேன். பார்த்தால் நாங்கள் வாங்கவே வாங்காத சிகரெட்டும் அதில் இருந்தது. அண்ணனுடையதா, கடைக்காரர் கைவரிசையா என்று நான் கேட்கப்போகவில்லை. இரண்டு தவணையில் அடைத்தேன். அடுத்த மாதமே ஹட்டன் டவுனில் 25 கிலோ அரிசி மூட்டையும் 5 கிலோ பருப்பும் வாங்கினார்கள். எங்கள் எண் இறங்கத் தொடங்கியது அந்த மூட்டையிலிருந்துதான்: 2023 ஆகஸ்ட்டில் 14.

நாலாவது, சம்பாதித்துத் தருகிற பொருள். கோழியோ, மெஷினோ, காய்கறிப் பாத்திக்கு விதையோ உரமோ. நகை எல்லாவற்றுக்கும் கடைசி. அடகுச் சீட்டில் ஏலத் தேதி நெருங்கியிருந்தால் மட்டும் விதிவிலக்கு. அப்போதும் வட்டியை மட்டும் கட்டித் தவணையைப் புதுப்பிக்க முடியுமா என்று முதலில் கேளுங்கள்.

ரூபாயில் கணக்குப் போடாதீர்கள்

2021இல் ஒரு வெள்ளிக்கு 150 ரூபாய். 300 வெள்ளி அனுப்பினால் 45,000. 2022 ஆகஸ்ட்டில் ஒரு வெள்ளிக்கு 260. அதே 300 வெள்ளி 78,000 ஆனது. தேக்காவில் அன்றைக்கு எங்களுக்குள் ஒரு சந்தோஷம்கூட இருந்தது, சொல்ல வெட்கமாக இருக்கிறது. சிலர் அனுப்புகிற தொகையைக் குறைத்தார்கள், “அங்கே போனா நிறையத்தானே ஆகுது” என்று.

நான் கோதுமை மாவில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். எங்கள் தோட்டத்துக் கடையில் 2021இல் கிலோ 100 ரூபாயை ஒட்டி இருந்தது. 45,000 ரூபாய்க்கு 450 கிலோ. 2022 ஆகஸ்ட்டில் கிலோ 400. 78,000க்கு 195 கிலோ. ரூபாய் ஏறியது, மா பாதிக்கும் கீழே போனது. அன்றிலிருந்து என் கொப்பியில் ஒவ்வொரு மாதமும் மா, அரிசி, பருப்பு, தேங்காய் நாலுக்கும் விலை எழுதுகிறேன். அனுப்புகிற காசை அதால் வகுத்துப் பார்க்கிறேன். பத்து நிமிட வேலை.

தோட்டச் சம்பளத்தையும் இப்படியே பாருங்கள். 2021 மார்ச்சில்தான் நாட்கூலி 1,000 ரூபாய் ஆனது. எத்தனை வருடப் போராட்டம் அது! பதினாறு மாதம் கழித்து அந்த ஆயிரம் இங்கே நாலு வெள்ளிக்கும் கீழே. தோ பாயோ காப்பிக் கடையில் ஒரு கோழிச்சோறு. அதுவும் நிர்ணயித்த கிலோ கொழுந்து பறித்தால்தான். குறைந்தால் அரைப் பேர், அதாவது அரை நாள் கூலி. 2021இல் அரசாங்கம் ரசாயன உரத்தைத் தடை செய்து, பிறகு நவம்பரில் கைவிட்டது. அதற்குள் தேயிலைக்கு வேண்டிய உரம் இல்லாமல் கொழுந்து குறைந்துவிட்டது. கொழுந்து இல்லாத மலையில் முழுப் பேர் எப்படிப் போடுவது? 2024 செப்டம்பரில் சம்பளம் 1,350 ஆனது. அண்ணி சொன்னது: “கூடியிருக்கு அக்கா, ஆனா அது தேங்காய்க்கே சரியாப் போயிருது.”

காசு அனுப்பும்போது அங்கே போய்ச் சேரும் ரூபாய் எவ்வளவு என்று மட்டும் கேளுங்கள். கட்டணம் இல்லை என்று எழுதிப் போட்டுவிட்டு மாற்று விகிதத்தில் பிடித்துக்கொள்ளும் கடைகள் உண்டு. சிராங்கூன் ரோட்டில் இரண்டு கடை ஏறி இறங்கினால் தெரிந்துவிடும். சிங்கப்பூர் நாணய ஆணையத்தின் உரிமம் உள்ள இடமாக இருக்கட்டும். உண்டியல் (உரிமம் இல்லாமல் கைமாற்றாகக் காசு அனுப்பும் வழி) பக்கம் போகாதீர்கள். 2021இல் அரசாங்கம் டாலரை 200 ரூபாய்ச் சொச்சத்தில் கட்டி வைத்திருந்தபோது உண்டியல்காரர்கள் அதிகம் கொடுத்தார்கள், நாங்களும் மயங்கினோம். 2020இல் 710 கோடி டாலராக நாட்டுக்கு வந்த வெளிநாட்டுக் காசு 2022இல் 380 கோடியாக விழுந்ததற்கு அது பெரிய காரணம். பெட்ரோலுக்கும் மருந்துக்கும் டாலர் இல்லை என்று நாடு தவித்தபோது அந்த டாலரில் என்னுடைய சில நூறும் இல்லை என்பது உண்மைதான். ஆனால் அதைச் சொல்லி எங்களைத் திட்டியவர்கள் பலர் இருந்தார்கள். அந்த ஜூலை 14ஆம் தேதி ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ச நாட்டை விட்டு வந்து இறங்கியது இதே சாங்கி விமான நிலையத்தில். அன்றைக்குப் பாட்டி டிவியைப் பார்த்துவிட்டு, “உங்க ஊர்க்காரர் வந்திருக்காரு, பார்த்தியா?” என்றார்.

மாதம் ஒரு தடவை மொத்தமாக அனுப்புவதைவிட இரண்டாகப் பிரியுங்கள்: ஒன்று இருபதாம் தேதி, ஒன்று நாலாம் தேதி. சம்பளத்துக்கு முந்திய நாட்களில்தான் வேளை விடுவார்கள். கட்டணம் இரண்டு தடவை போகும், போகட்டும். காசு அம்மாவின் பெயரில் உள்ள கணக்குக்குப் போகட்டும். அண்ணன் நல்லவன்தான். ஆனால் கணக்கு அவன் பெயரில் இருந்த வருடம் கொப்பியில் சிகரெட் இருந்தது.

இங்கே கடன் வாங்கி அங்கே அனுப்பாதீர்கள். வருடம் 10,000 வெள்ளிக்குக் குறைவாகச் சம்பாதிக்கும் வெளிநாட்டவருக்கு உரிமம் வாங்கிக் கடன் கொடுப்பவர்கள் மொத்தமாக 500 வெள்ளிக்கு மேல் கொடுக்கக்கூடாது என்பது சட்டம். வட்டியும் மாதம் 4 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. அதற்கு மேல் தருகிறேன் என்று போனில் செய்தி வந்தால் அது ஆ லோங், உரிமம் இல்லாத வட்டிக்காரர்கள். அவர்கள் உங்களைத் தேடி வரமாட்டார்கள், உங்கள் முதலாளியின் வீட்டுக் கதவுக்கு வருவார்கள். என்னோடு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்ட ஒரு பெண் அப்படித்தான் ஒரே வாரத்தில் ஊருக்குப் போனாள்.

அரசாங்கம் கொடுப்பதைக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள்

2023 ஜூலையிலிருந்து அஸ்வெசும என்ற உதவித் திட்டம் வந்திருக்கிறது. 22 அளவுகோல்களை வைத்து வீட்டைத் தரம் பிரிக்கிறார்கள். தொடக்கத்தில் மாதம் 2,500, 5,000, 8,500, 15,000 என்று நாலு படி. 2025இலிருந்து மேல் இரண்டு படிகளையும் 10,000, 17,500 என்று கூட்டினார்கள். முதல் பட்டியலில் எங்கள் வீடு இல்லை. விசாரித்ததில், அம்மா அப்பாவையும் அண்ணன் குடும்பத்தையும் ஒரே குடும்பமாக எழுதியிருந்தார்கள். ஒரே கூரைதான், ஆனால் உலை இரண்டு. லயங்களில் இது சர்வ சாதாரணம். மேன்முறையீட்டில் அதைத்தான் எழுதச் சொன்னேன்: தனி உலை, தனி வருமானம், அப்பாவின் கிளினிக் கொப்பிப் பிரதி. கிராம சேவகரைப் பார்த்து, பிரதேச செயலகத்தில் கொடுத்து, கொடுத்ததற்குக் கையெழுத்து வாங்கிக்கொண்டார் அம்மா. படிவத்தைத் தமிழில் கேட்டு வாங்குங்கள், அது உரிமை. நாலு தடவை அலைச்சல். 2024இல் 8,500 ரூபாய் வரத் தொடங்கியது.

வெளிநாட்டிலிருந்து காசு வருகிறதா என்று கேட்டால் மறைக்கலாமா? எல்லோரும் என்னிடம் குரலைத் தாழ்த்திக் கேட்பது இது. வேண்டாம் என்பதே என் பதில். பட்டியலை ஒட்டி வைத்து ஆட்சேபம் கேட்கிறார்கள், லயத்தில் எதுதான் மறையும்? எவ்வளவு வருகிறது, அதில் மருந்துக்கு எவ்வளவு போகிறது என்று இரண்டையும் சேர்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.

ஆறாவது கேள்வி

ஐந்து கேள்வியோடு நான் ஒன்றைச் சேர்த்துக்கொண்டேன். எந்தத் தாளிலும் அது இல்லை. “எங்கேயாவது போனீங்களா?”

மாசியில் எங்கள் தோட்டத்தில் காமன் கூத்து, மன்மதன் கதையை ஆடும் ஊர்க் கூத்து, நடக்கும். அம்மாவுக்கு அது உயிர். 2023இல் கேட்டபோது, “பனி, இருமல், போகல” என்றார். 2024இலும் இருமல். பிறகு அண்ணி சொல்லித்தான் தெரிந்தது, வீட்டுக்கு வீடு வசூலிக்கிற காசைக் கொடுக்க முடியாமல் இரண்டு வருடமாகக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்திருக்கிறார். சாவு வீட்டுக்குக்கூட, கூட்டம் கலைந்த பிறகு போயிருக்கிறார், கையில் ஒன்றும் இல்லாமல் முகம் காட்ட முடியாதென்று. எண் 14க்கு இறங்கிவிட்டது, நான் நிம்மதியாக இருந்தேன். மனிதர் வீட்டுக்குள்ளேயே சுருங்கிக்கொண்டிருந்தார்.

இப்போது மாதம் 2,000 ரூபாய் “ஊர்க் காசு” என்று தனியாக அனுப்புகிறேன். சாப்பாட்டுக்கு எடுக்கக்கூடாது என்பது ஒப்பந்தம். கோயில் வரி, சடங்கு, சாவு, பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குப் பிஸ்கட், எதுவாகவும் இருக்கலாம். வீண்செலவு என்று என் தோழி ஒருத்தி சண்டையே போட்டாள். போடட்டும்.

உங்கள் பக்கம் ஒரே ஒரு விஷயம். வந்த புதிதில் ஏஜண்ட் ஏழு மாதச் சம்பளத்தைப் பிடித்துக்கொண்டிருந்த காலத்தில் நானும் ஓய்வு நாளில் ரொட்டித் துண்டும் தண்ணீருமாக இருந்து காசு மிச்சம் பிடித்தேன். அந்த ஐந்து கேள்வியை என்னிடம் யாராவது கேட்டிருந்தால் எனக்கும் நல்ல எண் வந்திருக்காது. மாதம் 50 வெள்ளியை உங்கள் பெயரில் உள்ள கணக்கில் போடுங்கள். வீட்டில் சொல்ல வேண்டியதில்லை. பணிப்பெண்ணுக்கு மாதம் ஒரு ஓய்வு நாளையாவது கட்டாயம் கொடுக்க வேண்டும், அதைக் காசாக மாற்ற முடியாது என்பது 2023இலிருந்து இங்கே சட்டம். அந்த நாளில் வெளியே போய் ஒரு வேளை நன்றாகச் சாப்பிடுங்கள்.

போன வாரம் நாலாம் தேதி, வழக்கம்போல ஒன்பதரைக்குக் கூப்பிட்டேன். நான் வாயைத் திறக்குமுன்பே அம்மா சொன்னார், “இந்தக் கிழமை நாலு, எழுதிக்க.” கணக்குப் போடக் கற்றுக்கொண்டுவிட்டார். தேங்காய் வாங்கினீங்களா என்று கேட்டேன். “உங்கப்பாவுக்குப் பொத்தான் நான்தான் போட்டுவிடுறேன், இப்ப குளிருது, மூணு சட்டை போடுறாரு” என்று எங்கோ போனார்.

நான் கொப்பியில் ஆறு என்று எழுதிக்கொண்டேன்.